குருதிச் சுத்திகரிப்பும் கால் நாடிகளும்

ஒரு நோயை மனிதன் வென்ற இடத்திலே, அதுவரை கண்ணிற் படாதிருந்த வேறொரு நோய் தலைகாட்டுவதை வைத்திய வரலாற்றிலே பன்முறை காண்கிறோம். அந்த இரண்டாம் நோய் புதிதாகப் பிறந்ததன்று. முதல் நோய் மனிதனை விரைவிற் கொன்றுவிட்டமையால், இரண்டாவது வெளிப்படுவதற்குக் காலமே கிடைத்ததில்லை. சிறுநீரகங்கள் செயலிழந்தவர்களைக் காக்கும் டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்ட பின்னரே, அந்த நோயாளரின் நாடிகள் எவ்வளவு பழுதுற்றிருந்தன என்பது உலகுக்குத் தெரியவந்தது. இதயத்தின் நாடிகள் மட்டுமல்ல, மூளையின் நாடிகளும் கால்களின் நாடிகளும் அவ்வாறே பழுதுற்றிருந்தன. அந்தப் பழுதுக்குக் காரணம் கொலஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருளா, அதனைக் குறைத்தாற் பழுது தடைப்படுமா என்னும் கேள்விக்கு விடை காண அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. அந்த அரை நூற்றாண்டின் கதையே இந்தப் பேச்சின் பொருள்.

இதயத்திலிருந்து குருதியை உடலெங்கும் எடுத்துச் செல்லும் குழாய்கள் நாடிகள். அதனை மீட்டு இதயத்துக்குக் கொண்டுவருவன நாளங்கள். உடலின் கழிவுகளையும் மிகையான நீரையும் குருதியிலிருந்து பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுவன சிறுநீரகங்கள். இவை இரண்டும் பழுதுற்றால் கழிவுகள் குருதியிலே தேங்கும். நீர் உடலிலே தேங்கும். சில வாரங்களிலே, சிலருக்குச் சில நாட்களிலே, மரணம் நேரும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய றிச்சர்ட் பிறைற் என்பவரே சிறுநீரக நோயை முறையாக ஆராய்ந்தவர். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் சுருங்கியிருந்த பலரில் இதயமும் பருத்திருந்ததை அவர் கண்டார். 1836ஆம் ஆண்டு அவர் இதனைக் குறித்து வைத்தார். சிறுநீரகத்துக்கும் குருதிக் குழாய்களுக்கும் ஏதோ ஓர் உறவு உண்டு என்பதற்கு இது முதற் சான்று. ஆயினும் அக்காலத்து நோயாளி பிழைப்பதில்லை. ஆகவே, பிழைத்திருந்தால் அவனுடைய நாடிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்பாரும் இல்லை.

நோயாளியைப் பிழைக்க வைக்கும் வழி இரசாயன நூலாரிடமிருந்து வந்தது. கரைந்துள்ள பொருள்களுட் சிறியவை ஒரு மெல்லிய சவ்வினூடாகக் கடந்து செல்லும், பெரியவை நின்றுவிடும். ஸ்கொத்லாந்து நாட்டவரான தோமஸ் கிரகாம் 1861இல் இம்முறைக்கு டயாலிசிஸ் என்று பெயரிட்டார். 1913இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் ஜோன் ஏபெல் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் இதே முறையால் உயிருள்ள நாயின் குருதியை உடலுக்கு வெளியே சுத்திகரித்துக் காட்டினர். குருதி உறையாதிருக்க அவர்கள் அட்டையின் வாயிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினர். 1924இல் ஜெர்மனியின் கீசென் நகரில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக மனிதரில் இதனைச் செய்து பார்த்தார். இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த ஒல்லாந்து நாட்டிலே, கம்பன் என்னும் சிற்றூரில், வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் 1943இல் ஒரு பொறியை அமைத்தார். இறைச்சிப் பண்டங்களைச் சுற்றும் செலோபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையிலே சுற்றி, உப்பு நீரிலே சுழலவிட்டார். தொடக்கத்தில் அவரிடம் வந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945ஆம் ஆண்டு செப்டெம்பரில் 67 வயதான பெண் ஒருத்தி இந்தப் பொறியாற் பிழைத்தெழுந்தாள்.

எனினும் கொல்ஃபின் பொறி தற்காலிகமாகச் செயலிழந்த சிறுநீரகங்களுக்கே உதவியது. ஒவ்வொரு முறையும் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. சில முறைக்குப்பின் வெட்டுவதற்கு இடம் இராது. சிறுநீரகம் என்றென்றைக்குமாக அழிந்துவிட்டவனுக்கு இந்தப் பொறியாற் பயனில்லை. இத்தடையை உடைத்தவர் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்க்றிப்னர். கையிலே நாடிக்குள் ஒரு குழாயையும் நாளத்துக்குள் ஒரு குழாயையும் நிலையாகப் பொருத்தி, சிகிச்சையில்லாத வேளைகளில் இரண்டையும் ஒரு வளைந்த குழாயால் இணைத்து வைத்தால், குருதி ஓடிக்கொண்டேயிருக்கும். மீண்டும் மீண்டும் வெட்ட வேண்டியதில்லை. டெப்லொன் என்னும் வழுவழுப்பான பொருளில் குருதி எளிதில் உறையாது என்பதை அறிந்து, பொறியியலாளர் வெய்ன் குவின்ரனின் துணையோடு அவர் அக்குழாயை உருவாக்கினார். 1960ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி, போயிங் விமானத் தொழிற்சாலையில் இயந்திரத் தொழிலாளியாக இருந்த 39 வயதான கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் அது பொருத்தப்பட்டது. சாவின் வாயிலிலே நின்ற அந்த மனிதர் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இச்செய்தி பரவியதும் நோயாளர் திரண்டனர். ஆனால் பொறிகளோ மிகச் சில. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்கச் சியாற்றிலில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. அவர்களுள் ஒரு மதகுருவும் ஒரு வழக்கறிஞரும் ஓர் இல்லத்தரசியும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் இருந்தனர். 1962ஆம் ஆண்டு நவம்பரில் லைஃப் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை இந்தக் குழுவைப் பற்றி எழுதியபோது, மனிதருள் வாழத்தக்கவர் யார் என்று தீர்ப்பளிக்கும் உரிமையை இவர்களுக்கு வழங்கியவர் யார் என்னும் வினா எங்கும் எழுந்தது. 1966இல் சிமினோ, பிறெசியா என்பவர்களும் அவர்களுடைய தோழர்களும் நியூயோர்க்கிலே நாடியையும் நாளத்தையும் தோலின் கீழே நேராகப் பிணைக்கும் சத்திரசிகிச்சையை வெளியிட்டனர். அதனால் வெளியே தொங்கும் குழாய் தேவையற்றதாயிற்று. 1972இல் அமெரிக்க அரசாங்கம் இச்சிகிச்சையின் செலவை ஏற்கும் சட்டத்தை இயற்றியது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் பொறியோடு பிணைந்திருந்தால் வாழலாம் என்ற நிலை உண்டாயிற்று.

1971இல் கிளைட் ஷீல்ட்ஸ் இறந்தார். அவரைக் கொன்றது சிறுநீரக நோயன்று, மாரடைப்பு. அப்போது அவருக்கு வயது ஐம்பது. ஐம்பது வயதில் ஒருவர் மாரடைப்பால் இறப்பது அரிதன்று. ஆகையால் இந்த ஒரு மரணத்தைக் கொண்டு எவரும் எதனையும் முடிவுசெய்ய இயலாது. ஆனால் சியாற்றில் வைத்தியர்கள் தங்கள் பழைய நோயாளர் அனைவரின் ஏடுகளையும் எடுத்துக் கணக்கிட்டனர். 1974ஆம் ஆண்டு லின்ட்னர், ஷறா, ஷெறார்ட், ஸ்க்றிப்னர் ஆகிய நால்வரும் வெளியிட்ட அந்தக் கணக்கு உலகத்துச் சிறுநீரக வைத்தியரைத் திடுக்கிடச் செய்தது. நெடுங்காலம் டயாலிசிஸ் பெற்ற 39 நோயாளரில், சராசரி ஆறரை ஆண்டுகளின் முடிவில் 23 பேர் இறந்திருந்தனர். அந்த 23 மரணங்களுள் 14 நாடித் தடிப்பினால் நேர்ந்தவை. எட்டுப்பேர் மாரடைப்பாலும், மூவர் மூளைக் குருதிக்குழாய் நோயாலும், மூவர் தீராத இதயச் செயலிழப்பாலும் இறந்தனர். அதே வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு மிகுதி. டயாலிசிஸ் பெறுவோரின் நாடிகள் மற்றையோரின் நாடிகளைவிட விரைவாக மூப்படைகின்றன என்பது அவர்களுடைய முடிவு. தாம் கண்டுபிடித்த சிகிச்சையின் குறையைத் தாமே எண்ணிக் கணக்கிட்டு உலகுக்குச் சொன்ன ஸ்க்றிப்னரின் நேர்மை போற்றத்தக்கது.

இனி, நாடிகளை மூப்படையச் செய்வது எது? அந்நாளில் இந்த வினாவுக்கு ஆயத்தமாக இருந்த விடை கொலஸ்திரோல் என்பதே. இது பழி சுமத்துவதற்காக எழுந்த கற்பனையன்று. நல்ல சான்றுகள் அதற்கு இருந்தன. 1910இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் அடொல்ஃப் வின்டவுஸ், நோயுற்ற பெருநாடியின் சுவரில் கொலஸ்திரோல் இயல்பிலும் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டினார். 1913இல் இரசியாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கொவும் அவருடைய தோழரும் முயல்களுக்குக் கொலஸ்திரோலைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் நாடிகளில் மனிதருடைய நோயை ஒத்த தடிப்பை உண்டாக்கினர். 1948இல் அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் என்னும் ஊரிலே தொடங்கிய நெடுங்கால ஆய்வு, குருதியிற் கொலஸ்திரோல் மிகுந்தவர்க்கு மாரடைப்பு மிகுதியாக வருவதை நிலைநாட்டியது. ஆகவே சிறுநீரக நோயாளரின் நாடிகள் அடைபட்டால், குருதியிலே கொலஸ்திரோல் பெருகியதே காரணம் என எண்ணுவது இயல்பே.

ஆனால் அளந்து பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. அதே சியாற்றில் நகரத்திலே 1968இல் பக்டேட் என்பவரும் அவருடைய தோழர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குருதிக் கொழுப்பை ஆராய்ந்தனர். மிகுந்திருந்தது டிரைகிளிசரைட்டு என்னும் வேறொரு கொழுப்பு. பின்வந்த ஆய்வுகளும் டயாலிசிஸ் பெறுவோரிற் பலருக்குக் கொலஸ்திரோலின் மொத்த அளவு இயல்பாகவோ, அதனிலும் குறைவாகவோ இருப்பதையே காட்டின. நாடிகளைக் காப்பதாகக் கருதப்படும் நல்ல கொலஸ்திரோல் அவர்களிடம் குறைந்திருந்தது. அவ்வாறே, 1963இல் நோர்வே நாட்டு அறிஞர் கோறே பேர்க் கண்டறிந்த லிப்போபுரதம் ஏ என்னும் கொழுப்புத் துணிக்கையும் அவர்களிடம் உயர்ந்து காணப்பட்டது. வெறுமனே மொத்தக் கொலஸ்திரோலை அளந்து, எண் நன்றாயிருக்கிறது என்று மகிழ்வது இவர்களுக்குப் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

இன்னும் பெரிய வியப்பு 1990இல் வந்தது. அமெரிக்காவில் லவ்றி, லியூ என்னும் இருவர் பல ஆயிரம் டயாலிசிஸ் நோயாளரின் பரிசோதனை முடிவுகளையும் மரணங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தனர். கொலஸ்திரோல் மிகக் குறைந்தவர்களே அதிகமாக இறந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. உலகம் முழுவதும் கூறிவந்ததற்கு இது நேர்மாறு! இந்த முரணை விடுவித்தவை பின்னைய ஆய்வுகள். 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 823 நோயாளரை இரு வகுப்பாகப் பிரித்தது. ஊட்டக்குறைவும் உடலில் ஓயாத அழற்சியும் உள்ளவர்கள் ஒரு வகுப்பு. அவை இல்லாதவர்கள் மற்றொரு வகுப்பு. இரண்டாம் வகுப்பில் கொலஸ்திரோல் உயர உயர மரண அபாயமும் உயர்ந்தது. வழக்கமான விதி அங்கே செல்லுபடியாயிற்று. முதல் வகுப்பிலோ, கொலஸ்திரோல் குறைந்திருந்தமை நலத்தின் அடையாளமாக இல்லை; உண்ண முடியாமையும் உடல் கரைதலுமே அதனைக் குறைத்திருந்தன. விளக்கிலே சுடர் சிறுத்திருப்பது திரியைத் தாழ்த்தியதாலும் இருக்கலாம். எண்ணெய் வற்றியதாலும் இருக்கலாம். சுடரை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இவ்விடத்திலே கால்களின் கதைக்குத் திரும்புவோம். நடக்கும்போது கெண்டைக்கால் நோவதும், நின்று இளைப்பாறினால் அந்த நோ தணிவதும், கால் நாடிகள் ஒடுங்கியமையின் அடையாளம். 1831இல் பிரான்சு நாட்டுக் கால்நடை வைத்தியர் பூலே இதனை ஒரு குதிரையிற் கண்டார். 1858இல் அதே நாட்டின் புகழ்பெற்ற வைத்தியர் ஷார்க்கோ மனிதரிற் கண்டு எழுதினார். நாடி மேலும் அடைபட்டால் ஓய்விலும் கால் நோவும், புண் ஆறாது, விரல் கறுத்து அழுகும், ஈற்றிலே காலை அகற்றவும் நேரும். பல நாடுகளில் 29,873 டயாலிசிஸ் நோயாளரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2006இல் வெளியாயிற்று. அவர்களுள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவரிடம் கால் நாடி நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 1990களின் முற்பகுதிக் கணக்குப்படி, நீரிழிவினாற் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் கால் அகற்றப்படுவோரின் வீதம், நீரிழிவு உள்ள பொதுமக்களின் வீதத்தைப் போற் பத்து மடங்கு. அவ்வாறு காலை இழந்த சிறுநீரக நோயாளரில் மூவரில் இருவர் இரண்டாண்டுகளுக்குள் இறந்தனர். காலை இழப்பது காலோடு நின்றுவிடுவதில்லை என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இந்த நோயாளரின் கால் நாடி, மற்றையோரின் கால் நாடியைப் போன்றதன்று. 1903இல் ஜெர்மானிய அறிஞர் மொங்கெபேர்க், நாடிச் சுவரின் நடுப்படையிலே சுண்ணாம்பு படிந்து நாடி ஒரு குழலைப் போல விறைத்துப்போகும் நிலையை விவரித்தார். உள்ளே கொழுப்புப் படிந்து வழி அடைபடுவது ஒரு நோய். சுவரே சுண்ணாம்பாகி விறைப்பது வேறொரு நோய். டயாலிசிஸ் பெறுவோரின் கால்களில் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. இந்தச் சுண்ணாம்பு சுவரில் தானாக ஒட்டிக்கொள்கிறது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2000ஆம் ஆண்டிலே, மீண்டும் அதே சியாற்றில் நகரத்துப் பல்கலைக்கழகத்திலே, செசிலியா ஜக்கெல்லியும் யப்பானிய அறிஞர் சிலரும் மனித நாடியின் தசைக் கலங்களை மிகுந்த பொஸ்பேற்று உள்ள நீரிலே வளர்த்தனர். அந்தக் கலங்கள் தம் தசைத் தன்மையை இழந்து, எலும்பை உண்டாக்கும் கலங்களின் தன்மையை ஏற்றன. சிறுநீரகம் செயலிழந்தால் பொஸ்பேற்று வெளியேற வழியின்றிக் குருதியிலே தேங்குகிறது. டயாலிசிஸ் பொறியும் அதனை முழுமையாக அகற்றுவதில்லை. எனவே நாடி எலும்பாக மாறும் விந்தைக்குக் கொலஸ்திரோலைக் காட்டிலும் பொஸ்பேற்றே பெரிதும் பொறுப்பாளி என்பது விளங்கலாயிற்று.

விறைத்த நாடி வைத்தியரையும் ஏமாற்ற வல்லது. கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் குருதியமுக்கத்தால் வகுத்துப் பெறும் விகிதம் கால் நாடி நோயை அறியும் எளிய வழி. அது 0.9இலும் குறைந்தால் கால் நாடி ஒடுங்கியுள்ளது என்பர். சுண்ணாம்பு படிந்த நாடியோ அமுக்குப் பட்டியின் அழுத்தத்துக்கு மடங்குவதில்லை. அதனால் விகிதம் ஒன்றாகவும், 1.4இலும் உயர்ந்தும் காட்டும். குருதி வராத காலிலே குருதி நிறைந்தோடுவதாக எண் பொய் சொல்லும். கால்விரலின் நாடிகளிலே சுண்ணாம்பு குறைவாகப் படிவதால், விரலின் அமுக்கத்தை அளப்பதே இத்தகையோருக்கு நம்பத்தக்க வழி. மேலும், நீரிழிவினால் நரம்பு மரத்தவர்க்கு நோவே தோன்றாது. சோர்வினால் அதிகம் நடவாதவர்க்கு நடக்கும்போது வரும் நோவும் தோன்றாது. ஆறாத புண்ணே பலருக்கு முதல் அறிகுறியாக அமைகிறது.

மருந்தின் கதையும் இக்காலத்திலேயே வளர்ந்தது. 1973இல் யப்பானிய அறிஞர் அகிர எண்டோ, ஒரு பூஞ்சணத்திலிருந்து உடலிற் கொலஸ்திரோல் உண்டாவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழித்தோன்றல்களே ஸ்டாட்டின் எனப்படும் மாத்திரைகள். 1994இல் ஸ்கன்டினேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளரில் நடைபெற்ற பெரும் பரிசோதனையில் இம்மருந்து மரணத்தை நூற்றுக்கு 30 வீதம் குறைத்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதனை உட்கொள்ளத் தொடங்கினர். ஆயினும் அத்தகைய பரிசோதனைகளிலே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. மற்றையோருக்கு நன்மை செய்வது இவர்களுக்கும் செய்யும், அதிலும் அபாயம் மிகுந்தவர்களாகையால் இன்னும் மிகுதியாகச் செய்யும் என்று பலர் நம்பினர். நம்பிக்கை நியாயமானதே. ஆயினும் நம்பிக்கை வேறு, சோதித்தறிந்த உண்மை வேறு.

ஜெர்மனியிலே 1,255 பேர் மீது முதற் பெருஞ்சோதனை நடந்தது. அவர்கள் அனைவரும் நீரிழிவுள்ள டயாலிசிஸ் நோயாளர். பாதிப்பேருக்கு ஸ்டாட்டினும், மறுபாதிக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் வழங்கப்பட்டன. 2005இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவரின் கெட்ட கொலஸ்திரோல் ஐந்தில் இரு பங்குக்கு மேலாகக் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, மூளைக் குருதிக்குழாய் நோய், இதய மரணம் என்னும் மூன்றிலே ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர், மருந்து பெற்றவர்களில் 226 பேர். போலி மாத்திரை பெற்றவர்களில் 243 பேர். இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. 2009இல் 2,776 டயாலிசிஸ் நோயாளரிடம், 25 நாடுகளில் நடந்த இரண்டாம் சோதனையின் முடிவு வெளியாயிற்று. கெட்ட கொலஸ்திரோல் 43 வீதம் குறைந்தது. அத்தகைய கேடுகளுக்கு உள்ளானோரோ ஒரு பக்கம் 396 பேர், மறுபக்கம் 408 பேர். ஏறக்குறையச் சமம்!

மூன்றாவது சோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. இதிலே 9,270 சிறுநீரக நோயாளர் பங்குகொண்டனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே டயாலிசிஸ் பெற்றவர்கள். எஞ்சியோர் நோய் முற்றாதவர்கள். ஸ்டாட்டினோடு வேறொரு கொலஸ்திரோல் மருந்தும் சேர்த்து வழங்கப்பட்டது. கால் முதலிய உறுப்புகளின் அடைபட்ட நாடிகளைத் திறக்கும் சிகிச்சைகளும் உட்பட, நாடி அடைப்பினால் நேரும் பெருங்கேடுகள் 17 வீதம் குறைந்தன. ஆகவே நோய் முற்றுவதற்கு முன்னரே மருந்தைத் தொடங்குவது பயனுடையது என்பது தெளிவாயிற்று. இம்மூன்று சோதனைகளையும் சீர்தூக்கி, 2013இல் உலகச் சிறுநீரக வைத்திய அமைப்பு ஒன்று தன் வழிகாட்டலை வெளியிட்டது. டயாலிசிஸ் பெறுவோருக்கு ஸ்டாட்டினைப் புதிதாகத் தொடங்கல் பொதுவாக வேண்டியதில்லை. முன்னரே உட்கொண்டு வருபவர் அதனைத் தொடரலாம். டயாலிசிஸ் நிலையை அடையாத ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சிறுநீரக நோயாளர்க்கு அதனை வழங்கலாம் என்பது அதன் சாரம்.

இதனைக் கேட்டுத் தம் மாத்திரைகளைத் தாமே நிறுத்திவிட எவரும் எண்ணலாகாது. பரிசோதனைகள் கூறுவது கூட்டத்தைப் பற்றி. ஒரு நோயாளிக்கு எது தக்கது என்பதை அவரை அறிந்த வைத்தியரே சொல்ல வல்லவர். இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பொருள் வேறு. கொலஸ்திரோல் நாடியைக் கெடுக்கும் என்பது பொய்யாகிவிடவில்லை. சிறுநீரகம் செயலிழந்த உடலிலே அது பல குற்றவாளிகளுள் ஒன்றாகிவிடுகிறது என்பதே உண்மை. தேங்கிய பொஸ்பேற்று, ஓயாத அழற்சி, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகிய யாவும் அதனோடு சேர்ந்து நாடியைத் தாக்குகின்றன. ஐவர் சேர்ந்து இடிக்கும் மதிலை, ஒருவனை மட்டும் பிடித்துக் கட்டுவதாற் காக்க முடியாது. அதிலும், மதில் பெரும்பாலும் இடிந்த பின்னர் அவனைக் கட்டுவதாற் பயன் மிகச் சிறிது.

இது நமக்கும் தொலைவான செய்தியன்று. 1990களிலே இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களிடையே காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோய் வெளிப்பட்டது. அனுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களிலே பல இல்லங்கள் அதனால் வருந்தின. நீரிழிவினாற் சிறுநீரகம் பழுதுற்றோரும் நம்மிடையே பலர். இவர்களுக்கு உரிய பாதுகாப்பு இயந்திரத்தோடு முடிந்துவிடுவதன்று. நாள்தோறும் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் கண்ணாற் பார்த்தல் வேண்டும். பார்வை குறைந்தவராயின் வீட்டிலுள்ளோர் பார்த்துதவல் வேண்டும். வெறுங்காலோடு நடத்தலாகாது. புகையிலையை அறவே விடல் வேண்டும். பொஸ்பேற்று மிகுந்த உணவைப் பற்றி வைத்தியரின் சொல்லைக் கேட்டல் வேண்டும். சிறு புண்ணாயினும், நிறம் மாறிய ஒரு விரலாயினும், நோவு இல்லை என்று அமைந்திராது அன்றே காட்டல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கவனம் ஒன்றே தேவை.

1960இல் ஒரு வளைந்த குழாய் மனிதருக்கு ஆண்டுகளை ஈந்தது. 1974இல் ஓர் ஏட்டுக் கணக்கு அந்த ஆண்டுகளின் ஆபத்தைக் காட்டியது. பின்வந்த பரிசோதனைகள், மற்றையோருக்கு நல்லது என்பதனாலேயே ஒரு மருந்து இவர்களுக்கும் நல்லதாகிவிடாது என்று கற்பித்தன. இந்த மூன்றாவது பாடத்தைக் கற்பிக்க உதவியவர்கள், தமக்குப் பயன்படுமோ படாதோ என்று அறியாமலே மாத்திரையை ஏற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான நோயாளர். வாரத்துக்கு மூன்று நாள் பொறியருகே கிடந்தவாறே, தமக்குப் பின் வருவோருக்கு உண்மையை ஈட்டித் தந்தவர்கள் அவர்கள். அவர்கள் தந்த அந்த அறிவினாலேயே இன்று வைத்தியர் மருந்தை உரிய காலத்திலே தொடங்கவும், நோயாளியின் பாதங்களை மறவாது பார்க்கவும் கற்றிருக்கின்றனர்.